வலையமைப்பு நிலைப் படவுரு

வலையமைப்பு நிலைப் படவுரு என்பது ஒரு கணினி வலையமைப்புடன் இணைந்துள்ளதா, எவ்வழியில் இணைந்துள்ளது என்பதைத் திரையின் ஓரத்தில் காட்டும் சிறிய குறியீடு ஆகும். மாக் கணினிகளில் இது திரையின் உச்சியில் உள்ள பட்டிப்பட்டையின் வலப்பக்கத்தில் இடம்பெறுகின்றது. விண்டோஸ் இயங்குதளத்தில் பணிப்பட்டையின் அறிவிப்புப் பகுதியிலும், லினக்ஸ் பணிச்சூழல்களில் மேல் அல்லது கீழ்ப் பலகத்திலும் இதனைக் காணலாம்.

ஒரு கணினியில் காலப்போக்கில் பல வகை இணைப்புகள் பயன்படுத்தப்படுவதால், பயன்பாடு முடிந்த இணைப்புகளின் படவுருக்களும் அங்கேயே தங்கிவிடுவது உண்டு. அவற்றை நீக்கும் வசதி எல்லா முக்கிய இயங்குதளங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. ஆனால் படவுருவை நீக்குவதும் இணைப்பைத் துண்டிப்பதும் ஒன்றல்ல. படவுரு மறைந்த பின்னரும் இணைப்பு தொடர்ந்து இயங்கலாம், தரவு செலவாகலாம், பின்னணியில் ஒரு நிரல் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இவ்வேறுபாட்டை அறிந்து நீக்குவதே சரியான முறையாகும்.

பெயர்

மெனுபார் என்று பரவலாகக் கூறப்படும் பகுதி தமிழில் பட்டிப்பட்டை எனப்படுகின்றது. ஐகான் என்பதற்குப் படவுரு என்ற சொல் வழங்குகின்றது. விண்டோஸ் பயனர் நடுவே அறிவிப்புப் பகுதியைச் சிஸ்டம் டிரே என்று குறிப்பிடும் வழக்கமும் உண்டு. பெயர்கள் வேறுபட்டாலும் இவை அனைத்தும் ஒரே பணியையே செய்கின்றன. பயனர் வேறொரு சாளரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதும், கணினியின் நிலையை ஒரே பார்வையில் அறிய இவை உதவுகின்றன.

செயல்படும் முறை

வலையமைப்பு இணைப்பு ஒன்று மூன்று அடுக்குகளால் ஆனது எனக் கொள்ளலாம்.

1. வன்பொருளும் இயக்கியும்: வலையமைப்பு அட்டை, கம்பியற்ற இணைப்புச் சில்லு, மோடம் போன்ற கருவிகளும், அவற்றை இயங்குதளம் கையாள உதவும் இயக்கி நிரல்களும்.
2. வலையமைப்புச் சேவை: எந்தக் கருவி வழியாக இணைய வேண்டும், எந்தக் கடவுச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும், எந்த முகவரியைப் பெற வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் பின்னணி நிரல்.
3. படவுரு: சேவையிடம் நிலையைக் கேட்டுத் திரையில் வரைந்து காட்டும் முகப்பு.

பெரும்பாலான இயங்குதளங்களில் மூன்றாம் அடுக்கு இல்லாமலேயே முதல் இரண்டும் இயங்கக்கூடியவை. வண்டியின் வேகமானியைக் கழற்றினால் வண்டி நின்றுவிடுவதில்லை. ஓட்டுநருக்கு வேகம் தெரியாமல் போகின்றது, அவ்வளவே. படவுரு நீக்கமும் அத்தகையதே.

கம்பியற்ற இணைப்பின் படவுருவில் உள்ள வளைவுகள், கணினிக்கும் அருகிலுள்ள வழிச்செயலிக்கும் இடையிலான குறிகையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. வழிச்செயலிக்கு அப்பால் இணையம் கிடைக்கின்றதா என்பதை அறிய இயங்குதளங்கள் தனியே ஒரு சோதனை நடத்துகின்றன. விண்டோஸ் விஸ்டா முதல் மைக்ரோசாப்ட் தன் வழங்கியில் வைத்துள்ள ஒரு சிறு உரைக் கோப்பைக் கணினி கேட்டுப் பார்க்கின்றது. எதிர்பார்த்த உரை கிடைத்தால் இணையம் உள்ளதாகவும், கிடைக்காவிடில் இல்லையெனவும் படவுரு மாறுகின்றது. ஆப்பிள் இயங்குதளமும் பல லினக்ஸ் வழங்கல்களும் இதையொத்த சோதனையை மேற்கொள்கின்றன. எனவே வளைவுகள் முழுமையாக இருந்தும் வியப்புக்குறி தோன்றினால், பழுது வீட்டுக்கு வெளியே இருக்கலாம் என ஊகிக்கலாம். படவுருவை மறைத்துவிட்ட பயனருக்கு இக்குறிப்பு கிடைப்பதில்லை.

வரலாறு

1984 இல் வெளியான ஆப்பிள் மாக்கின்டாஷ் கணினியில் பட்டிப்பட்டை திரையின் உச்சியில் நிலையாக அமைந்திருந்தது. அக்காலத்தில் அதில் வலையமைப்பு நிலை காட்டப்படவில்லை. 1995 ஆகத்தில் வெளியான விண்டோஸ் 95, பணிப்பட்டையையும் அதன் ஓரத்தில் கடிகாரத்தோடு கூடிய அறிவிப்புப் பகுதியையும் அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றில் இரு கணினித் திரைகள் மாறிமாறி ஒளிரும் படவுரு தரவுப் போக்குவரத்தைக் காட்டியது. 2001 செப்டம்பரில் வெளியான மாக் ஓஎஸ் எக்ஸ் 10.1 பதிப்பில், பட்டிப்பட்டையின் வலப்பக்கத்தில் நிலைப் படவுருக்களை அடுக்கும் முறை வந்தது.

லினக்ஸ் இயங்குதளத்திற்காக ரெட் ஹாட் நிறுவனம் நெட்வொர்க்மேனேஜர் என்னும் சேவையை 2004 இல் தொடங்கியது. பின்னணியில் இயங்கும் சேவையும், பலகத்தில் தோன்றும் என்எம்-ஆப்லெட் என்னும் குறுநிரலும் இதில் தனித்தனியானவை. மேற்கூறிய அடுக்குகளின் பிரிவை இவ்வமைப்பில் தெளிவாகக் காணலாம்.

பின்னர் வந்த பதிப்புகள் படவுருக்களின் எண்ணிக்கையைக் குறைக்க முயன்றன. 2007 சனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு படவுரு என்ற முறையைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே படவுருவைக் கொண்டுவந்தது. 2011 ஏப்ரலில் வெளியான குனோம் 3, வலையமைப்புப் படவுருவைத் தனிக் குறுநிரலாக வைக்காமல் பணிச்சூழலுக்குள்ளேயே இணைத்தது. 2020 நவம்பரில் வெளியான மாக்ஓஎஸ் பிக் சர், பல படவுருக்களைக் கட்டுப்பாட்டு மையம் என்ற ஒரே பட்டியலுக்குள் கொண்டுசென்றது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 வலையமைப்பு, ஒலி, மின்கலம் ஆகிய மூன்றையும் ஒரே பொத்தானாக்கியது.

சேலம், நாமக்கல் பகுதியில்

வேண்டாத படவுருக்கள் எவ்வாறு சேர்கின்றன என்பதை, இணைய இணைப்பின் வகைகள் குறுகிய காலத்தில் பலமுறை மாறிய ஒரு பகுதியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். சேலம் மாவட்டமும், அதிலிருந்து பிரிக்கப்பட்டு 1997 சனவரி 1 முதல் செயல்படும் நாமக்கல் மாவட்டமும் அத்தகைய பகுதியாகும். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் மொத்த வணிகக் கடைகள், நாமக்கல்லின் கோழிப்பண்ணை அலுவலகங்கள், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் லாரி அலுவலகங்கள், ஊர்ப்புறக் கல்லூரிகள் எனக் கணினிப் பயன்பாடு இங்குப் பல தொழில்களில் பரவியுள்ளது.

தொலைபேசி, அகலப்பட்டைக் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியே எண் சுழற்றி இணைவதே வழக்கம். 2005 சனவரியில் பிஎஸ்என்எல் நிறுவனம் டேட்டாஒன் என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. 2004 ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டையின் கீழ் எல்லையாக வகுத்திருந்தது.

இச்சேவையில் மோடத்தை இரு வகையாக அமைக்க இயன்றது. ஒன்றில் மோடமே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து இணைந்துகொள்ளும். மற்றொன்றில் மோடம் வெறும் பாலமாக இருக்க, கணினியே பிபிபிஓஈ என்னும் நெறிமுறையின்படி இணைய வேண்டும். இரண்டாம் வகையில் விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் மூலையில் இரண்டு படவுருக்கள் தோன்றின. முதலாவது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான கம்பி இணைப்பைக் காட்டியது. இரண்டாவது மோடம் வழியாக இணையத்துடன் ஏற்பட்ட இணைப்பைக் காட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

இவற்றில் எது வேண்டாதது என்பது பொருட்செலவு தொடர்பான வினாவாகவும் இருந்தது. அக்காலத்தின் பல திட்டங்களில் மாத அளவைத் தாண்டிய ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம் இருந்தது. சில திட்டங்களில் நள்ளிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை பதிவிறக்கம் கணக்கில் சேராது. இரண்டாவது படவுருவை மறைத்துவிட்டால், 8 மணிக்குப் பின்னும் இணைப்பு நீடிப்பது கண்ணில் படாது. முதலாவதை மறைப்பதால் அத்தகைய இழப்பு இல்லை.

டேட்டா கார்டுக் காலம்

அகலப்பட்டைக் கம்பி எட்டாத ஊர்களிலும் தோட்ட வீடுகளிலும் யூஎஸ்பி டேட்டா கார்டுகள் இணைய வசதியை அளித்தன. சிடிஎம்ஏ வகைக் கார்டுகளும், பின்னர் மூன்றாம் தலைமுறைக் கார்டுகளும் 2010 களின் முற்பகுதியில் பரவலாயின. இக்கருவிகளில் பல, கணினியில் செருகியவுடன் முதலில் ஒரு குறுவட்டு இயக்ககம் போலத் தோன்றும். அதனுள் இருக்கும் இணைப்பு மேலாண்மை நிரல் தன்னைக் கணினியில் நிறுவிக்கொண்ட பின்னரே கருவி மோடமாக மாறும். லினக்சில் இம்மாற்றத்தைச் செய்வதற்கென யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்னும் தனி நிரல் உள்ளது.

இவ்வாறு நிறுவப்பட்ட நிரல்களில் பல, கணினி தொடங்கும்போதெல்லாம் தாமும் தொடங்கி, அறிவிப்புப் பகுதியில் தமக்கென ஒரு படவுருவை வைத்துக்கொண்டன. நிறுவனம் மாற்றிப் புதிய கார்டு வாங்கும்போது மற்றொன்று சேர்ந்தது. 2010 களின் பிற்பகுதியில் இந்தியாவில் சிடிஎம்ஏ சேவைகள் முடிவுக்கு வந்தன. 2016 செப்டம்பருக்குப் பின் நான்காம் தலைமுறைக் கைபேசித் தரவு மலிவானதால், கைபேசியையே இணைப்பு மையமாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவியது. கார்டுகள் மேசை இழுப்பறைக்குச் சென்ற பின்னரும் அவற்றின் நிரல்கள் கணினியில் எஞ்சியிருக்கக்கூடும்.

விலையில்லா மடிக்கணினி

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் கணினிகளைக் கொள்முதல் செய்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இவை வழங்கப்பட்டன. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. இதனால் ஒரே கணினியில் இரு வகைப் படவுரு முறைகளை மாணவர்கள் காண நேர்ந்தது. விண்டோசில் நிறுவிய டேட்டா கார்டு நிரலை லினக்ஸ் அறியாது. லினக்சில் நெட்வொர்க்மேனேஜரே அப்பணியைச் செய்யும். ஆகவே ஓர் இயங்குதளத்தில் படவுருவை நீக்கினால் மற்றொன்றில் எந்த மாற்றமும் ஏற்படாது.

நினைவகம் குறைந்த இத்தகைய கணினிகளில், பயன்படாத இணைப்பு நிரல்கள் தொடக்கத்தைத் தாமதமாக்குகின்றன. இங்குப் படவுருவை மறைப்பதால் பயனில்லை. நிரலையே அகற்ற வேண்டும்.

படவுருக்களின் வகைகள்

நீக்கும் முறை படவுருவின் வகையைப் பொறுத்தது. எனவே முதலில் அது எவ்வகையைச் சேர்ந்தது என அறிய வேண்டும்.

* இயங்குதளப் படவுரு: இயங்குதளமே வைப்பது. அமைப்புகளில் இதற்கெனத் தெரிவு இருக்கும்.
* பயன்பாட்டுப் படவுரு: டேட்டா கார்டு நிரல், மெய்நிகர் தனியார் வலையமைப்பு நிரல் போன்றவை வைப்பது. அந்நிரலின் விருப்பத் தேர்வுகளில் அல்லது தொடக்கப் பட்டியலில் இதனைக் கையாள வேண்டும்.
* எஞ்சிய படவுரு: நிரல் முறையின்றி நின்றுபோனதால் திரையில் தங்கிவிட்ட வெற்று ஓவியம். விண்டோசில் சுட்டியை அதன்மேல் கொண்டுசென்றால் தானாக மறைந்துவிடும்.

படவுருவின் மேல் சொடுக்கினால் திறக்கும் பட்டியலைக் கொண்டு முதலிரு வகைகளையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். வெளியேறு என்ற தெரிவு இருந்தால் அது பயன்பாட்டுப் படவுருவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

நீக்கும் முறைகள்

மாக்

ஆப்பிள் வைத்த படவுருக்களைக் கட்டளை விசையை அழுத்தியபடி சுட்டியால் பிடித்துப் பட்டிப்பட்டைக்கு வெளியே இழுத்து விட்டால் அவை மறைந்துவிடும். மாக் ஓஎஸ் எக்ஸ் காலத்திலிருந்து இம்முறை வழக்கில் உள்ளது. கட்டுப்பாட்டு மையம், கடிகாரம் போன்ற சிலவற்றை இவ்வாறு நீக்க இயலாது. கட்டளை விசையுடன் இழுத்து இடம் மாற்றவும் செய்யலாம்.

பழைய பதிப்புகளில் வலையமைப்பு விருப்பத் தேர்வுகளில் மோடம், பிபிபிஓஈ, மெய்நிகர் தனியார் வலையமைப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் நிலையைப் பட்டிப்பட்டையில் காட்டுவதற்கான தெரிவுப் பெட்டி இருந்தது. இத்தெரிவு அந்தந்த இணைப்பின் பக்கத்திலேயே இருந்ததால், இணைப்பை முதலில் அழித்துவிட்ட பயனர் தெரிவுப் பெட்டியைத் தேடிக் காணாமல் திகைக்க நேரிடும். அத்தகைய நிலையில் கட்டளை விசையுடன் இழுத்து நீக்குவதே எளிய வழியாகும்.

2022 இல் வெளியான மாக்ஓஎஸ் வென்சுரா முதல் இத்தெரிவுகள் கணினி அமைப்புகளின் கட்டுப்பாட்டு மையம் என்ற பக்கத்தில் தொகுக்கப்பட்டன. 2025 இல் வெளியான மாக்ஓஎஸ் தாகோ பதிப்பில் பட்டிப்பட்டைக்கெனத் தனிப் பக்கமே உள்ளது.

பிற நிறுவனங்களின் நிரல்கள் வைக்கும் படவுருக்கள் பொதுவாக இழுத்து விடுவதால் நீங்குவதில்லை. நிரலின் விருப்பத் தேர்வுகளில் மறைக்கும் வசதி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் நிரலை மூடி, உள்நுழையும்போது தொடங்குபவற்றின் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டும்.

விண்டோஸ்

விண்டோஸ் எக்ஸ்பியில் வலையமைப்பு இணைப்புகள் என்ற கோப்புறையைத் திறந்து, இணைப்பின் மேல் வலச்சொடுக்குச் செய்து, பண்புகளில் உள்ள தெரிவுப் பெட்டியை நீக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் இதனைத் தனித்தனியே செய்தல் வேண்டும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவுற்றன.

விண்டோஸ் 7 இல் கட்டுப்பாட்டுப் பலகத்தின் அறிவிப்புப் பகுதிப் படவுருக்கள் என்ற பக்கமும், விண்டோஸ் 10 இல் அமைப்புகளின் பணிப்பட்டைப் பக்கமும் இதற்குரியவை. இரண்டிலும் இயங்குதளப் படவுருக்களுக்கும் பயன்பாட்டுப் படவுருக்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. விண்டோஸ் 11 இல் பயன்பாட்டுப் படவுருக்களைப் பணிப்பட்டைப் பக்கத்தில் மறைக்கலாம். ஆனால் ஒலி, மின்கலம் ஆகியவற்றுடன் இணைந்த வலையமைப்புப் படவுருவைத் தனியே நீக்குவதற்கு அப்பக்கத்தில் தெரிவு இல்லை.

பயன்படாத டேட்டா கார்டு நிரல்களைப் பொறுத்தவரை, நிறுவிய நிரல்களின் பட்டியலுக்குச் சென்று அவற்றை முழுமையாக அகற்றுவது நன்று. அகற்ற விரும்பாதவர்கள் தொடக்கப் பட்டியலில் முடக்கிவைக்கலாம். விண்டோஸ் 8 முதல் இப்பட்டியல் பணி மேலாளரில் உள்ளது.

லினக்ஸ்

கேடிஇ பிளாஸ்மா பணிச்சூழலில் அமைப்புத் தட்டின் மேல் வலச்சொடுக்குச் செய்து அதன் அமைப்புகளைத் திறந்தால், ஒவ்வொரு படவுருவையும் எப்போதும் காட்டு, தேவையானபோது காட்டு, எப்போதும் மறை, முடக்கு என நான்கு நிலைகளில் வைக்கலாம். குனோம் 3 முதலான பதிப்புகளில் வலையமைப்புப் படவுரு பணிச்சூழலின் பகுதியாக இருப்பதால், அதனை மறைக்கத் தனி நீட்சி தேவைப்படும்.

குனோம் 2, எக்ஸ்எப்சிஈ, மேட் போன்ற பணிச்சூழல்களில் என்எம்-ஆப்லெட் பயன்படுகின்றது. தொடக்க நிரல்களின் பட்டியலில் இதன் தெரிவை நீக்கினால், அடுத்த உள்நுழைவிலிருந்து படவுரு தோன்றாது. இதில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை.

1. இக்குறுநிரலின் மேல் வலச்சொடுக்குச் செய்தால் தோன்றும் பட்டியலில், வலையமைப்பை இயலுமைப்படுத்து என்ற தெரிவு உள்ளது. படவுருவை மறைக்கும் தெரிவு இதுவென்று எண்ணி அதை நீக்கினால் வலையமைப்பே நின்றுவிடும். கணினியை மறுதொடக்கம் செய்தாலும் இந்நிலை மாறாது. அதே தெரிவை மீண்டும் இட வேண்டும்.
2. சில இணைப்புகளின் கடவுச்சொற்கள் பயனருக்கு மட்டும் உரியவையாகச் சேமிக்கப்படும். அவற்றைச் சேவைக்கு வழங்குவதும், புதிய கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறுவதும் இக்குறுநிரலின் பணிகளாகும். இதனை நிறுத்திவிட்டால் அத்தகைய இணைப்புகள் ஏற்படாமல் போகலாம். கடவுச்சொல்லை எல்லாப் பயனருக்கும் பொதுவாகச் சேமிப்பதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம்.

நீக்குவதற்கு முன் கருத வேண்டியவை

எல்லாப் படவுருக்களும் ஒரே அளவு பயனுடையவை அல்ல. மோடம் இல்லாத கணினியில் மோடப் படவுருவும், மூடப்பட்ட சேவையின் டேட்டா கார்டுப் படவுருவும் எத்தகவலையும் தருவதில்லை. இவற்றை நீக்குவதால் இழப்பு எதுவும் இல்லை. கீழ்க்காணும் சூழல்களில் படவுருவை விட்டுவைப்பது நல்லது.

* கைபேசித் தரவைப் பகிரும்போது: விண்டோஸ் பொதுவாகக் கம்பியற்ற இணைப்பை அளவற்றதாகக் கருதுகின்றது. கைபேசியின் நாளளவுத் தரவு முழுவதும் ஓர் இற்றைப்படுத்தலுக்கே செலவாகிவிடக்கூடும். விண்டோஸ் 8 முதல், குறிப்பிட்ட இணைப்பை அளவிடப்படும் இணைப்பு எனக் குறித்துவைக்கும் வசதி உள்ளது. இதனைச் செய்தாலும் எந்த இணைப்பு இயங்குகின்றது என்பதைப் படவுருவே உடனடியாகக் காட்டுகின்றது.
* மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்தும்போது: பாதுகாப்பான தடம் அறுந்துவிட்டதை அதன் படவுரு மாறுவதைக் கொண்டே பலர் அறிகின்றனர்.
* காலக்கெடு உள்ள பணிகளின்போது: தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழி நடைபெறுகின்றது. விருப்பப் பட்டியலை உறுதிசெய்யும் நேரத்தில் பக்கம் திறக்காவிடில், தவறு தன் இணைப்பிலா வலைத்தளத்திலா என்பதை மாணவர் உடனே அறிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குப் போக்குவரத்துக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமானதால், லாரி அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.
* பலர் பகிரும் கணினிகளில்: ஒருவர் மறைத்த படவுரு, அதே பயனர் கணக்கில் அடுத்து வருபவருக்கும் கிடைக்காது. கணினி ஆய்வகங்களில் மேலாளரிடம் கேட்டே இம்மாற்றங்களைச் செய்தல் வேண்டும்.

இணைப்பையே நிறுத்துவது நோக்கமானால், படவுருவை நீக்காமல் அதன் பட்டியல் வழியாகவே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதன் பிறகே படவுருவை நீக்குவது சரியான வரிசையாகும். வரிசை மாறினால், துண்டிப்பதற்குரிய பொத்தானே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மீட்டெடுத்தல்

நீக்கிய இயங்குதளப் படவுருவை அதே அமைப்புப் பக்கத்தில் தெரிவை மீண்டும் இட்டுப் பெறலாம். மாக் கணினியில் கட்டளை விசையுடன் இழுத்து நீக்கியவையும் இவ்வாறே திரும்பும். முடக்கிவைத்த பயன்பாட்டுப் படவுருவைப் பெற, நிரலை ஒருமுறை திறந்து அதன் விருப்பத் தேர்வுகளை மாற்ற வேண்டும். முழுமையாக அகற்றிய டேட்டா கார்டு நிரலை, கார்டை மீண்டும் செருகி அதனுள் இருக்கும் நிறுவியைக் கொண்டு பெறலாம். எனினும் அக்கருவி செயல்படுவதற்குரிய சேவை இன்னும் வழங்கப்பட வேண்டும் என்பதும், நிறுவி புதிய இயங்குதளப் பதிப்புடன் பொருந்த வேண்டும் என்பதும் கருதத்தக்கவை.

படவுரு இல்லாத நிலையிலும் இணைப்பின் நிலையை அறியலாம். மாக்ஓஎஸ், விண்டோஸ், குனோம் ஆகிய மூன்றிலும் அமைப்புகளின் வலையமைப்புப் பக்கம் எந்தக் கருவி இணைந்துள்ளது என்பதைக் காட்டுகின்றது. ஒரு படவுருவை நீக்கிய பின் இப்பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தால், நீங்கியது குறியீடு மட்டுமா, இணைப்புமா என்பது உறுதியாகிவிடும்.